கிக்குக்கு ஒன்று போதும்: ரோலண்ட் டிஎம்-2வும் ஆர்டி-30 ட்ரிகர்களும்

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம், ஆடித் தேருக்கு வீராம்பட்டினம், கோடையில் கடலூர் சில்வர் பீச் என்று எங்கே மேடை போட்டாலும் மெல்லிசைக் குழுவின் ட்ரம்ஸுக்கு நேருவது ஒன்றுதான். பாடகர்களுக்கும் தபேலாவுக்கும் போக மிஞ்சிய மைக்தான் ட்ரம்ஸுக்கு வரும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக்குக்கு முன்னால் ஒரு பாட்டு மைக்கைத் துண்டில் படுக்க வைப்பார்கள். அது கடல்காற்றையும் பேஸ் கிதாரையும் சேர்த்து இழுக்கும். கடைசி வரிசையில் நிற்பவருக்குக் கேட்பது மந்தமான ஒரு 'தொப்'. ட்ரிகர் இந்த இடத்துக்குத்தான். தோலின் அதிர்வை ஒரு பீசோ தகடு மின்துடிப்பாக மாற்றும். அந்தத் துடிப்பின் உயரத்தை மாட்யூல் என்ற ஒலிப்பெட்டி அளந்து, அதற்கேற்ற பலத்தில் பதிவான ஒலி ஒன்றை வாசிக்கும். காற்றில் வரும் சத்தம் பீசோவை அதிகம் அசைக்காது. அதனால் ஃபீட்பேக்கும் இல்லை, காற்றிரைச்சலும் இல்லை.

இங்கே பார்ப்பது ரோலண்டின் டிஎம்-2 மாட்யூலையும் ஆர்டி-30 வரிசை ட்ரிகர்கள் மூன்றையும்: கிக்குக்கான ஆர்டி-30கே, தோலை மட்டும் கேட்கும் ஆர்டி-30எச், தோலையும் விளிம்பையும் தனித்தனியே கேட்கும் ஆர்டி-30எச்ஆர். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிக்குக்குத் தயங்காமல் வாங்கலாம். அடியில் கம்பிச்சுருள் உள்ள சின்ன ட்ரம்மான ஸ்நேருக்கு, மைக்கும் இருந்தால் மட்டும் வாங்கலாம். மற்ற ட்ரம்களான டாம்களுக்கு வேண்டாம்.

மாட்யூலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். நம் பக்கத்துக் குழுக்களில் ஆக்டாபேட் (குச்சியால் தட்டினால் பதிவான ஒலியை வாசிக்கும் ரோலண்ட் பேடு) இல்லாத குழு அபூர்வம். எஸ்பிடி-20 ஆனாலும் எஸ்பிடி-30 ஆனாலும் வெளி ட்ரிகரைச் சொருகும் ஜாக் பின்புறத்தில் இருக்கிறது. பல குழுக்களில் அதில் தூசிதான் சொருகியிருக்கிறது. ஆர்டி-30கே ஒன்றை மட்டும் வாங்கி அங்கே சொருகினாலே கிக் பேசத் தொடங்கிவிடும். இதில் இரண்டு சிக்கல் உண்டு. பேடு வாசிப்பவர் பாட்டுக்குப் பாட்டு கிட்டை, அதாவது ஒலித் தொகுப்பை, மாற்றும்போது கிக் ஒலியும் கூடவே மாறும், ஆகவே பயன்படுத்தும் ஒவ்வொரு கிட்டிலும் கிக் ஒலியைத் தனியாகப் பதிந்து சேமித்தாக வேண்டும். இரண்டாவது, கிக்கும் பேடின் உறுமியும் தவிலும் ஒரே அவுட்டில் கலந்து போவதால், சவுண்ட்காரர் கிக்கை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. மாதத்துக்கு இரண்டு கச்சேரி செய்யும் குழு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சீசனில் வாரம் தவறாமல் மேடை ஏறுகிறவர்களுக்குத் தனி மாட்யூல்தான் சரி.

டிஎம்-2 கையடக்கமான பெட்டி. ஹை-ஹாட் ஸ்டாண்டிலேயே கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம். ட்ரிகர் உள்ளீடு இரண்டு. இரண்டும் ஸ்டீரியோ ஜாக் என்பதால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டால் நான்கு ஒற்றை ட்ரிகர் வரை இணைக்கலாம். உள்ளேயே ஒலிகள் இருக்கின்றன. எஸ்டி கார்டில் நம் வேவ் கோப்புகளையும் ஏற்றலாம். உள்ளே இருக்கும் கிக் ஒலிகளில் ராக், மெட்டல் வாடை அதிகம், நம் பாட்டுக்கு ஒத்துவருபவை கொஞ்சம்தான். 60களின் மெலடிக்கு மெத்தென்ற கிக் வேண்டும், 80களின் பாட்டுக்கு அகலமாக வெடித்துச் சட்டென்று அறுபடும் ஸ்நேர் வேண்டும், குத்துப்பாட்டுக்கு வயிற்றில் இடிக்கும் எலக்ட்ரானிக் கிக் வேண்டும். இவற்றைக் கார்டில்தான் போட்டாக வேண்டும். கோப்புகளை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவாக மாற்றிப் போடுவதே பாதுகாப்பு. வீடியோ வேலைக்காக 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்த சாம்பிளை அப்படியே கார்டில் போட்டுவிட்டு மேடையில் தேடாதீர்கள். இன்னொன்று, சாம்பிளின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டி எறிய வேண்டும். 44.1இல் 441 சாம்பிள் மௌனம் இருந்தால் 10 மில்லிசெகண்ட் தாமதம் அதிலேயே வந்துவிடும். 'ட்ரிகர் லேட்டாகுது' என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இந்த மௌனம்தான் காரணம்.

ஆர்டி-30கே பொருத்துவது எளிது. அடிக்கும் பக்கத்து ஹூப்பில் (தோலை இறுக்கும் வளையம்) மாட்டி, திருகை இறுக்கி, சென்சாரின் முனை தோலைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ட்ரிகர்களில் நுரையை எவ்வளவு அழுத்துவது என்பதே தனி வித்தையாக இருந்தது. இந்த வரிசையில் உயரத்தை உடலின் வடிவமே தீர்மானித்துவிடுகிறது. மரம், இரும்பு என்று இரண்டு வகை ஹூப்பிலும் நிற்கிறது. இடம் மட்டும் முக்கியம். பெடல் கிளாம்ப் கீழே இருக்கும், அதன் பக்கத்தில் மாட்டினால் பெடலின் சங்கிலிச் சத்தமும் கால் வைக்கும் அதிர்வும் உள்ளே போகும். கடிகாரத்தில் 11 அல்லது 1 இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். மேல் டாம் கிக்கின் மேலேயே மாட்டியிருந்தால், டாம் கம்பிக்கு எதிர்ப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தோல் தளர்ந்து அலைந்துகொண்டிருந்தால் எந்த மாட்யூலும் காப்பாற்றாது. கிக்குக்குள் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ தோலைத் தொடும்படி கிடக்க வேண்டும். ட்ரிகருக்கு நல்ல தொனி தேவையில்லை, சுருக்கமாக அடங்கும் அதிர்வுதான் தேவை. கன்னிக்கோயில் பக்கம் ஒரு திறந்தவெளி மேடையில் நீளமாக முழங்கும் கிக் வைத்திருப்பவர், அந்த முழக்கத்தைப் பாதியாக்கினால்தான் ட்ரிகர் ஒழுங்காக வேலை செய்யும்.

செட்டிங்கை வரிசை மாறாமல் செய்வது நல்லது. முதலில் ட்ரிகர் வகைப் பட்டியலில் உங்கள் ட்ரிகரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நெருங்கியதை. பிறகு சென்சிடிவிட்டி: கச்சேரியின் உச்சத்தில் எவ்வளவு ஓங்கி மிதிப்பீர்களோ அவ்வளவு மிதித்து, அளவி அப்போதுதான் உச்சத்தைத் தொடும்படி வையுங்கள். சாதாரண மிதிக்கே உச்சம் தொட்டால் மேலே போக இடமிருக்காது. அடுத்தது த்ரெஷோல்ட், அதாவது அதற்குக் கீழான அதிர்வை மாட்யூல் கண்டுகொள்ளாத அளவு. பூஜ்யத்தில் தொடங்கி, ட்ரம்ஸ் பக்கத்தில் காலால் தட்டிக்கொண்டும், பேஸ் கிதாரை முழு சத்தத்தில் வாசிக்கச் சொல்லியும் மெல்ல ஏற்றுங்கள். தானாக அடிப்பது எங்கே நிற்கிறதோ அதற்கு ஒரு படி மேல் போதும். அதற்கும் மேல் ஏற்றினால் மெல்லிய மிதிகள் காணாமல் போகும். பிறகு ஓர் அடியின் மிச்ச அதிர்வை இன்னோர் அடியாக எண்ணாமல் தடுக்கும் ரீட்ரிகர் கேன்சல், அதன்பின் மாஸ்க் டைம், கடைசியாகப் பக்கத்து ட்ரம்மின் அதிர்வை ஒதுக்கும் க்ராஸ்டாக்.

மாஸ்க் டைம் என்பது ஓர் அடி விழுந்தபின் மாட்யூல் காதை மூடிக்கொள்ளும் நேரம். இரட்டை அடி விழுகிறது என்றதும் பலர் இதைத்தான் தாறுமாறாக ஏற்றுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 140 வேகத்தில் ஆறெட்டு குத்துத் தாளம் என்றால், ஒரு தட்டுக்குள் ஆறு பதினாறாம் பாகங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் இடையே 71 மில்லிசெகண்ட். ஸ்நேரில் அதையே இரட்டித்து உருட்டினால் சுமார் 36. ஸ்நேரில் மாஸ்க் 40 வைத்தவருக்கு உருட்டலில் ஒன்றுவிட்டு ஒன்று விழுங்கப்படும், அவர் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கிக்கில் 15 முதல் 20 வரை தாராளமாகப் போகலாம், ஸ்நேரில் 8, 10க்கு மேல் தேவைப்பட்டால் தோலில்தான் கோளாறு. முதலில் ஒரு ஜெல் துண்டை ஒட்டிப் பாருங்கள்.

கிக்கில் இரட்டை அடிக்கு இன்னொரு காரணம் கால்தான். பெடலின் சுத்தியான பீட்டரைத் தோலில் அழுத்தியே வைத்திருக்கும் பழக்கம் உள்ளவருக்கு, அழுத்தும் நேரத்தில் பீட்டர் நடுங்கித் தோலை இரண்டு மூன்று முறை தொடும். மைக்கில் அது கேட்காது. ட்ரிகர் ஒவ்வொன்றையும் எண்ணும். ரீட்ரிகர் கேன்சலை ஏற்றினால் மறையும், ஆனால் மெல்லிய இரட்டை மிதிகளும் சேர்ந்து போகும். பீட்டரை உடனே எடுத்துப் பழகுவதுதான் நிரந்தரத் தீர்வு.

அடியின் பலத்துக்கு ஒலி எவ்வளவு ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது கர்வ். அதை மேடைக்கும் பதிவுக்கும் வெவ்வேறாக வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் லவுட் வகை கர்வ் போட்டால் சோர்ந்த காலும் பலமாகக் கேட்கும். மூன்று மணி நேரக் கச்சேரியின் கடைசிப் பாட்டில் அதன் அருமை தெரியும். பதிவில் அதே கர்வ் வாசிப்பைத் தட்டையாக்கிவிடும், அங்கே லீனியர்.

இப்போது ஸ்நேர். ஆர்டி-30எச்ஆர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. விளிம்பில் கைத்தட்டலையோ ரிம்ஷாட்டையோ வைத்துக்கொள்ள வசதி. மூன்று தொடுமுனை உள்ள டிஆர்எஸ் கேபிள்தான் போட வேண்டும், சாதாரண கிதார் கேபிளைப் போட்டுவிட்டு விளிம்பு பேசவில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்நேரின் உயிர் இடையிடையே விழும் சின்னத் தட்டல்களிலும், பிரஷ்ஷிலும், ஓரத்துக்கும் நடுவுக்கும் மாறும் தொனியிலும் இருக்கிறது. ட்ரிகருக்குத் தெரிவது பலம் மட்டும். மைக் இல்லாமல் ட்ரிகரை மட்டும் நம்பினால், மெலடிப் பாட்டில் ஸ்நேர் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். மைக்கை முன்னால் வைத்து, அடியில் 80களின் ஒலியை மெல்லச் சேர்த்தால் பிரமாதம்.

டாமுக்கு ஏன் வேண்டாம் என்றால், கம்பியில் தொங்கும் டாம் தன் அடியை மட்டும் கேட்பதில்லை, பக்கத்து டாமையும் கிக்கையும் சேர்த்துக் கேட்கும். க்ராஸ்டாக்கை ஏற்றினால் இரண்டையும் ஒன்றாக அடிக்கும்போது ஒன்று விழாது. அதோடு ஓடுவதற்கு இன்னும் மூன்று கேபிள். பலன் அவ்வளவு இல்லை.

மேடை மின்சாரத்துக்கு வருவோம். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், எர்த் சரியில்லாத பிளக், விளக்குகளின் டிம்மர் எல்லாம் ஒரே வயரில். மாட்யூலை அடாப்டரில் போட்டு, அதன் அவுட்டை மிக்சருக்குக் கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் பரிசாக வரும். டிஎம்-2வின் பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது: நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். அடாப்டரைக் கழற்றினால் ஹம் அந்த வழியாக வர இடமில்லை. புது ஆல்கலைன் நான்கைப் போட்டு, மாற்று நான்கைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அவுட் பேலன்ஸ் இல்லாத ஜாக் என்பதால், மிக்சர் 15, 20 மீட்டர் தள்ளி இருந்தால் மேடையிலேயே, ஜாக் ஒலியை மைக் கேபிளுக்கு மாற்றித் தரும் ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ் போட்டு எக்ஸ்எல்ஆரில் அனுப்புங்கள், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிக் மட்டும் என்றால் எல்/மோனோ அவுட் ஒன்று. கிக்கும் ஸ்நேரும் என்றால் கிக்கை முழுவதும் இடப்பக்கம், ஸ்நேரை முழுவதும் வலப்பக்கம் பேன் செய்து இரண்டு சேனலாகக் கொடுத்தால், தனி அவுட் இல்லாத குறை தீரும். டிஎம்-6 ப்ரோவில் தனி அவுட்டுகள் உண்டு, ஆறு உள்ளீடும் உண்டு, விலையும் அதற்கேற்ப.

சவுக்குக் கம்பும் பலகையும் போட்ட மேடை அடியில் காலி. சப்வூஃபரை மேடைக்கு அடியில் தள்ளிவிட்டால் பலகை முழுக்க அதிரும், கிக் தானாக அடிக்கத் தொடங்கும். அடித்த கிக் சப்பில் வரும், சப் மறுபடி கிக்கை அடிக்கும். த்ரெஷோல்டை ஏற்றித் தப்பிக்கப் பார்க்காமல், சப்பைத் தரையில் நகர்த்தச் சொல்லுங்கள், ட்ரம்ஸுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். ஜூன் 21 இசைத் திருவிழாவில் புதுச்சேரித் தெருக்களில் போடும் மேடைகளில் சவுண்ட் செக்குக்கு நேரமே கிடைக்காது, அங்கே இந்தப் பாய் ஒன்றே பாதிப் பிரச்சினையை முடித்துவிடும்.

கிக்கில் மைக்கும் ட்ரிகரும் சேர்த்து வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. மாட்யூல் அடியை அளந்து ஒலியை வெளியே விட சில மில்லிசெகண்ட் எடுக்கும். மைக் ஒலி முன்னே, ட்ரிகர் ஒலி பின்னே. இரண்டும் மோதி அடிப்பாகம் மெலிந்துவிடும். மைக் சேனலில் ஃபேஸ் பொத்தானை அழுத்திப் பார்த்து, எதில் அடி தடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்சர் என்றால் மைக் சேனலுக்கு டிலே கொடுத்துச் சமன் செய்யலாம். எதுவும் முடியாவிட்டால் மைக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, பீட்டரின் 'டக்'கை மட்டும் அதிலிருந்து எடுங்கள், அடிப்பாகம் ட்ரிகரின் பொறுப்பு. தாமதத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: மானிட்டர் பெட்டி ஒரு மீட்டர் தள்ளிப் போனாலே சுமார் 3 மில்லிசெகண்ட் கூடுகிறது.

பதிவில்தான் இந்த ட்ரிகர் உண்மையில் காசுக்கு ஈடு கொடுக்கிறது. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை மாடி வீடுகளில் இருக்கும் சின்ன ஸ்டுடியோக்களில் கூரை தாழ்வு; கிக் மைக்கில் பெட்டிக்குள் அடித்த சத்தம் வரும், ஸ்நேர் மைக்கில் பாதி ஹை-ஹாட் இருக்கும். ட்ரிகரை மாட்யூலுக்குக் கொடுக்காமல் நேராக ஆடியோ இன்டர்ஃபேஸின் ஹை-இசட் (கிதார்) உள்ளீட்டில் சொருகி, அந்தத் துடிப்பையே ஒரு தனி ட்ராக்காகப் பதியுங்கள். கெயினை முழுக்கக் குறைத்துத் தொடங்குங்கள், பீசோ எதிர்பாராத உயரத்துக்குத் துள்ளும். கேட்க அசிங்கமான 'டிக்' சத்தம், ஆனால் ஹை-ஹாட் அதில் இல்லை. ஸ்நேர் மைக்கின் கேட்டுக்கு (அடி வரும்போது மட்டும் திறந்து ஒலியை விடும் கதவு) இந்த ட்ராக்கைச் சைட்செயினாக, அதாவது திறக்கச் சொல்லும் குறியாகக் கொடுத்தால், ஹை-ஹாட் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கேட் திறக்காது. துடிப்பு ட்ராக்கை 5 மில்லிசெகண்ட், 48 கிலோஹெர்ட்ஸில் 240 சாம்பிள், முன்னால் நகர்த்திவிட்டால் கேட் அடிக்கு முன்பே திறந்து நிற்கும், அடியின் முனை வெட்டுப்படாது.

சாம்பிள் மாற்றவும் இதே ட்ராக்தான். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் அதன் கேட்டான ரியாகேட்டைப் போட்டு, கேட் திறக்கும்போது மிடி நோட் (ஒலியை வாசிக்கச் சொல்லும் கட்டளை) அனுப்பும் வசதியை இயக்கினால், விலை கொடுத்து வாங்கும் மாற்று மென்பொருள் இல்லாமலே வேலை நடக்கும். மிடியை மாட்யூலிலிருந்து நேராகப் பதிந்தால் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்: மைக்கையும் மிடி வாசித்த சாம்பிளையும் அடுத்தடுத்த ட்ராக்கில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை எல்லா நோட்டுக்கும் ஒரே அளவாக முன்னால் தள்ளினால் முடிந்தது. வாசித்துக்கொண்டே கணினியின் ஒலியைக் கேட்க வேண்டுமென்றால் பஃபர் 128 சாம்பிளுக்குமேல் வேண்டாம். 48இல் அது 2.7 மில்லிசெகண்ட், போகவும் வரவும் இரட்டிப்பு, மேலே இன்டர்ஃபேஸின் பங்கு.

குறைகளும் உண்டு. டிஎம்-2வின் பொத்தான்கள் சின்னவை, திரையும் சின்னது, இருட்டு மேடையில் கிட் மாற்றுவது எரிச்சல். பாட்டு வரிசைப்படியே கிட்களை அடுக்கி வைத்தால் ஒரே பொத்தானில் சமாளிக்கலாம். காலால் மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள் பெடல் வடிவிலேயே வரும் டிஎம்-1ஐப் பார்க்கலாம். அதற்கும் உள்ளீடு இரண்டு, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், ஒலிகளைக் கணினி வழியாக ஏற்ற வேண்டும். ஆர்டி-30இன் ஜாக்கில் கேபிள் நேராகத் தொங்கினால், யாராவது கால் இடறும்போது ஜாக்தான் முதலில் தளரும். கேபிளை ட்ரம்மின் திருகுப் பிடியான ஒரு லக்கைச் சுற்றி வளைத்து வெல்க்ரோ போட்டுக் கட்டிவிடுங்கள். கடலோர உப்புக்காற்று ஜாக்கின் தொடுமுனையைத் தின்னும். பீச் கச்சேரி முடிந்ததும் பிளக்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

கையில் காசு இல்லாதவர்களுக்கு 35 மில்லிமீட்டர் பீசோ தகடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில பத்து ரூபாய்தான். அதற்கும் தோலுக்கும் நடுவே கெட்டி நுரை வைத்து, ஒரு மோனோ ஜாக் பற்றவைத்தால் கிக்குக்கு வேலை செய்யும், பதிவில் கேட் திறக்க மிக நன்றாகவே வேலை செய்யும். பற்றவைக்கும்போது வெள்ளை நிற செராமிக் பகுதியில் இரும்பை ஒரு நொடிக்குமேல் வைக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். மேடையில் மட்டும் இதை நம்ப வேண்டாம், நுரை வெயிலில் இளகி ஒவ்வொரு பாட்டுக்கும் சென்சிடிவிட்டி மாறும்.

பழைய ஆர்டி-30 கிடைத்தால் வாங்கலாம். ஹெட்போனோடு மாட்யூலை எடுத்துப்போய், சென்சார் முனையை விரலால் மெல்லத் தட்டி, கேபிளை ஜாக்கின் அருகே நாலு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது தானாக ஓர் அடி விழுந்தால் ஜாக் போய்விட்டது என்று அர்த்தம், விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நுரை அமுங்கி மீளாமல் இருந்தால் வேண்டாம்.